பத்தில் தொடங்கும் முகவரி

சில காலமாக ஒரு முகவரி என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது: 10.0.0.0/16. மதுரை சிம்மக்கல்லில் எனக்குப் பழக்கமான ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் கணக்குகள் கிளவுடுக்குப் போய்விட்டன. அங்கே அவர்களுக்கென்று அமைத்த தனி நெட்வொர்க்கின் முகவரி வரிசை இது. உறுத்தலுக்குக் காரணம், இதே வரிசை இன்னொருவருக்கும் இருக்கிறது என்பதுதான். இன்னொருவர் என்றால் ஒருவர் இருவர் இல்லை. அமேசானின் திரையிலும் மைக்ரோசாஃப்டின் திரையிலும் புதிதாகத் தனி நெட்வொர்க் அமைக்கப் போனால் முதலில் எடுத்துக்காட்டப்படுவது இந்த வரிசை. பெரும்பாலானோர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆகவே ஒரே டேட்டா சென்டரில், ஒருவேளை ஒரே இயந்திரத்தில், முன்பின் அறியாத எத்தனையோ பேரின் 10.0.0.0/16 ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. ஒன்றிலுள்ள 10.0.1.25 இன்னொன்றிலுள்ள 10.0.1.25-ஐப் பார்ப்பதில்லை, கேட்பதில்லை, அப்படியொன்று இருப்பதாகவே அறிவதில்லை. இந்த வரிசையை யாரும் விலை கொடுத்து வாங்கவுமில்லை. 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணம் மூன்று வரிசைகளை உள் உபயோகத்துக்கென்று ஒதுக்கியது: பத்தில் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரையிலானது, 192.168-இல் தொடங்குவது. வீட்டு பிராட்பேண்டு ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் கடைசியாகச் சொன்னதைப் பார்த்திருப்பீர்கள். பத்தில் தொடங்கும் வரிசையில் மட்டும் 1,67,77,216 முகவரிகள். யாரைக் கேட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெளி இணையத்தில் அவற்றுக்கு மதிப்பில்லை, அவ்வளவுதான். எல்லாரிடமும் இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு எப்படி ஒருவர் தனக்கானது என்று சொல்கிறார் என்பதில் என் யோசனை ஆரம்பித்தது. அது இன்னும் முடிந்தபாடில்லை.

அந்த அலுவலகத்தின் பழைய நெட்வொர்க் எனக்கு நன்றாகத் தெரியும். மாடிப்படி ஏறியதும் இடதுபக்க அறை. மேசைக்கடியில் ஒரு கறுப்புப் பெட்டி, அதன் பக்கத்தில் யு.பி.எஸ்., கரண்டு போனால் அது கத்த ஆரம்பித்துவிடும். சுவரோரமாக நீல கேபிள், அடிக்கு ஒரு கிளிப் அடித்து, கதவு நிலையைச் சுற்றி வளைந்து, எட்டுத் துளை சுவிட்சுக்குள் போகும். பச்சை விளக்குகள் விட்டுவிட்டு எரியும். சுவிட்சின் பிளக்குக்கு மேல் ஸ்கெட்ச் பேனாவில் ‘பிடுங்காதே’ என்று எழுதி செல்லோ டேப் ஒட்டியிருந்தார்கள். டேப் பழுத்து மஞ்சளாகி ஓரம் சுருண்டிருந்தது. ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்காக இருபதாம் தேதிக்கு முந்தைய இரவுகளில் அந்த அறையில் சூடான பிளாஸ்டிக் வாடையும் வடையின் எண்ணெய் வாடையும் கலந்து வீசும். கேபிள் எதுவரை போயிற்றோ அதுவரை நெட்வொர்க். இரவு ஷட்டரை இறக்கிப் பூட்டினால் கணக்கும் பூட்டப்பட்டது. அந்தப் பாதுகாப்பு உண்மையில் எவ்வளவு பலவீனமானது என்று எனக்குத் தெரியும். ஒரு பென் டிரைவ் போதும், ஒரு மழை ஒழுக்கு போதும். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆடிட்டர் ஒருநாள் கேட்டார்: “தம்பி, நம்ம டேட்டா இப்ப எங்கப்பா இருக்கு?” “பம்பாய்ல சார்.” “பம்பாய்ல எங்க?” “அத அவங்க சொல்ல மாட்டாங்க சார்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வாடகை குடுக்கிறோம், வீட்டைக் காட்ட மாட்டாங்களா?” என்றார். அதில் கிண்டல் இல்லை. நாற்பது வருடம் ரசீதைப் பார்த்தே எதையும் நம்பிய மனிதரின் நியாயமான கேள்வி அது.

நான் அவருக்குச் சொன்னது சரிதான், ஆனால் முழுமையில்லை. அமேசான் மும்பை ரீஜனை 2016 ஜூனில் திறந்தது, ஹைதராபாத்தை 2022 நவம்பரில். மைக்ரோசாஃப்ட் 2015-லேயே சென்னையில் ஒன்றைத் திறந்துவிட்டது. ஒரு ரீஜனுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட டேட்டா சென்டர் தொகுதிகள் உண்டு. அவற்றுக்கு ஏ, பி, சி என்று எழுத்து வைத்திருக்கிறார்கள். அமேசானின் பழைய ரீஜன்களில் ஒரு விசித்திரம்: எனக்கு ‘ஏ’ என்று காட்டப்படும் தொகுதியும் உங்களுக்கு ‘ஏ’ என்று காட்டப்படும் தொகுதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எல்லாரும் முதல் எழுத்தையே தேர்ந்தெடுத்து ஒரே இடத்தில் நெரிசலாகிவிடக் கூடாது என்பதற்காகக் கணக்குக்குக் கணக்கு எழுத்தைக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். இடத்தின் பெயரே ஆளுக்கு ஆள் மாறும் ஊர். அப்படிப்பட்ட ஊரில் ‘எங்க’ என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

சரி, இடம் இல்லாவிட்டால் போகட்டும், சுவராவது இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு சாதாரண அலுவலக நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைத் தேடும்போது, ‘இந்த முகவரிக்காரர் யார்?’ என்று கேபிளில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும்படி குரல் கொடுக்கும்; உரியவர் ‘நான்தான்’ என்பார். அமேசானின் வி.பி.சி.யில், அதாவது அவர்கள் அமைத்துத் தரும் தனி நெட்வொர்க்கில், அந்தக் குரல் யார் காதிலும் விழுவதில்லை. கம்ப்யூட்டர் கேட்கும், அடியில் இருக்கும் இயந்திரம் அதை வழியிலேயே பிடித்து, ஒரு மேப்பிங் பதிவேட்டைப் பார்த்து, தானே பதில் சொல்லிவிடும். பாக்கெட் கிளம்பும்போது அதன்மேல் இன்னோர் உறை சுற்றப்படும். இது இன்ன வாடிக்கையாளரின் நெட்வொர்க், இன்ன இயந்திரத்துக்குப் போக வேண்டும் என்று அதில் குறித்திருக்கும். எல்லாருடைய உறைகளும் ஒரே கம்பிகளில், ஒரே சுவிட்சுகளில் ஓடுகின்றன. போய்ச் சேரும் இடத்தில் பதிவேட்டை மறுபடி ஒருமுறை சரிபார்த்து, அப்படியொரு அனுப்புநர் அந்த நெட்வொர்க்கில் இருந்தால் மட்டும் உறையைப் பிரித்து உள்ளே விடுவார்கள். இரண்டு 10.0.1.25-கள் மோதிக்கொள்ளாததன் ரகசியம் இதுதான். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு இது எதுவும் தெரியாது. தான் ஏதோ ஓர் அறையில் நீல கேபிளில் செருகப்பட்டிருப்பதாகவே அது நம்பிக்கொண்டிருக்கிறது. ஆக, சுவர் என்று நாம் சொல்வது பதிவேட்டில் ஒரு வரி. பதிவேடு நம்முடையதில்லை. அதை ஒழுங்காக வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையைத்தான் மாதவாடகைக்கு வாங்குகிறோம். இதைச் சொல்லும்போது நானே அதன் நேர்த்தியில் மயங்கிவிடுகிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு பேரை ஒரே இடத்தில் வைத்து, ஒருவர் மூச்சு இன்னொருவர்மேல் படாமல் பார்த்துக்கொள்வது லேசான காரியமில்லை. 2006-இல் அமேசான் தன் சர்வர்களை வாடகைக்கு விட ஆரம்பித்தபோது இந்த ஏற்பாடே கிடையாது. எல்லா வாடிக்கையாளர்களும் ஒரே பொது நெட்வொர்க்கில் இருந்தார்கள். வி.பி.சி. 2009 ஆகஸ்டில்தான் வந்தது. பழைய பொது நெட்வொர்க்கை மூடுவதாக அறிவித்துக் காலியாக்கி முடிக்க 2023 ஆகிவிட்டது.

அமைப்பதற்கு ஆகும் நேரமோ ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம். பெயர் வை, முகவரி வரிசை கொடு, அதைச் சிறு சிறு சப்நெட்டாகப் பிரி. ஒவ்வொரு சப்நெட்டிலும் ஐந்து முகவரிகளை அமேசான் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். முதலாவது முகவரி சப்நெட்டையே குறிக்க, அடுத்தது ரவுட்டருக்கு, மூன்றாவது பெயர் தேடும் சேவைக்கு, நான்காவது வருங்கால உபயோகத்துக்கு, கடைசி முகவரி பிராட்காஸ்டுக்கு. அந்த நான்காவதின்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம். எந்த வருங்காலம், என்ன உபயோகம் என்று யாரும் சொல்வதில்லை. உலகெங்கும் கோடிக்கணக்கான சப்நெட்டுகளில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது. பிராட்காஸ்ட் விஷயம் இன்னும் வேடிக்கை: எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும்படி பேசுவதற்கு அந்த நெட்வொர்க்கில் வழியே இல்லை, இருந்தாலும் அதற்கான முகவரியை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பிறகு ரூட் டேபிள். அதில் ஏற்கெனவே ஒரு வரி இருக்கும், உள்ளூர்ப் போக்குவரத்துக்கானது. அதை அழிக்க முடியாது. அதன் கீழே, எந்த முகவரியும் என்று பொருள்படும் 0.0.0.0/0-ஐ எழுதி, எதிரே இன்டர்நெட் கேட்வேயின் பெயரைப் போட்டால் அந்த சப்நெட் பொது சப்நெட். போடாவிட்டால் தனி சப்நெட். இரண்டுக்கும் வேறு வித்தியாசம் கிடையாது. தனியாக ஒரு கட்டடம் இல்லை, வேறு பூட்டு இல்லை, நிறம்கூட வேறில்லை. ஒரு வரி இருக்கிறது அல்லது இல்லை. நள்ளிரவில் கண் எரிச்சலோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் தவறான சப்நெட்டைத் தவறான டேபிளோடு சேர்த்துவிட்டால் ஒரு சத்தமும் வராது.

சிம்மக்கல்லில் இருந்துகொண்டு சுவரைப் பற்றி யோசிப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கால் வைக்கிற இடமெல்லாம் சுவர் இருந்த ஊர் இது. விசுவநாத நாயக்கர் பாண்டியர் கோட்டையை இடித்துவிட்டு இரட்டை மதிலும் 72 கொத்தளங்களும் அகழியுமாகப் புதிய கோட்டையைக் கட்டினார். கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்பது ஊர் சொல்லும் வரலாறு. இன்று வடக்கு வெளி வீதியில் ஷேர் ஆட்டோக்கள் முட்டிமோதும் இடமெல்லாம் அந்த மதிலும் அகழியும் கிடந்த கோடு. 1840-ஐ ஒட்டி, ஆட்சியர் பிளாக்பர்ன் அதை இடிக்க முடிவெடுத்தார். நெரிசலும் நோயும் ஊரை உள்ளிருந்தே தின்றுகொண்டிருந்தன, விரிய இடமில்லை. அரசு பணம் போட்டு இடிக்கவில்லை. மதிலின் ஒரு பகுதியை இடித்து அகழியைத் தூர்க்கிறவருக்கு அந்த நிலம் என்று அறிவித்தார்கள். ஊரார் தாங்களே இடித்தார்கள். வேலையை மேற்பார்வையிட்ட மாரட்டின் பெயரிலும் பெருமாள் மேஸ்திரியின் பெயரிலும் வீதிகள் இருக்கின்றன, பிளாக்பர்னுக்காக விளக்குத்தூண் இருக்கிறது. சுவரை எழுப்பியவர்களைவிட இடித்தவர்களை அன்றாடம் அதிகமாக உச்சரிக்கிற ஊர் வேறெங்காவது உண்டா தெரியவில்லை. கோயிலுக்குக் கிழக்கே விட்டவாசல் என்று ஒன்று நிற்கிறது, பாண்டியர் கோட்டையின் வாசல். இருபுறமும் சுவர் போய்விட்டது. வாசல் மட்டும் மிச்சம். பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் அதன் வழியே போகிறார்கள், தலைநிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. ஒரு வி.பி.சி.யின் விதிப் பட்டியலைத் திறந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு விட்டவாசல் நினைவுக்கு வருகிறது. எப்போதோ யாருக்காகவோ திறந்த வாசல். திறந்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார், எதற்காகத் திறந்தாரோ அந்த சர்வரே நீக்கப்பட்டிருக்கும், விதி மட்டும் நிற்கும்.

கல்லாலான அந்த நாயக்கர் கோட்டை எப்படி விழுந்தது என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. கும்பெனியை எதிர்த்து நின்ற யூசுப்கான் உள்ளே இருந்துகொண்டு கும்பெனிப் படையையும் நவாபின் படையையும் மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தினார். பீரங்கியால் கோட்டை விழவில்லை. ஏறித் தாக்கியதும் பலிக்கவில்லை. 1764 அக்டோபரில் அவரைப் பிடித்துக் கட்டியவர்கள் அவருடைய சொந்த ஆட்கள்தான்; 15-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். மதில் அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. கிளவுட் உலகத்தில் மிகப் பெரிதாகப் பேசப்பட்ட திருட்டும் இந்த வகைதான். 2019 ஜூலையில், அமேசான் கிளவுடைப் பயன்படுத்திய அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கி, தன்னிடமிருந்து 10 கோடி அமெரிக்கர்களுடையதும் 60 லட்சம் கனடியர்களுடையதுமான விவரங்கள் போய்விட்டதாக அறிவித்தது. எந்தத் தனி நெட்வொர்க்கின் சுவரும் உடைக்கப்படவில்லை. வாசலில் காவலுக்கென்று வைத்திருந்த ஃபயர்வால் சர்வர் ஒன்று தவறாக அமைக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து ஒருவர் கேட்டதை அது உள்ளே திரும்பிக் கேட்டுச் சொன்னது. எங்கே கேட்டது என்பதுதான் முக்கியம். கிளவுடில் ஒவ்வொரு சர்வருக்கும் 169.254.169.254 என்று ஒரு முகவரி எட்டும். அது சர்வர் தன்னைப் பற்றித் தானே விசாரித்துக்கொள்ளும் இடம். நான் யார், எனக்கு என்ன அதிகாரம், அதற்கான தற்காலிகச் சாவி எது என்றெல்லாம் அங்கே கிடைக்கும். அந்தச் சாவி வெளியே வந்தது. பிறகு முறையான சாவியோடு முறையான வாசல் வழியாகக் களஞ்சியம் காலியானது. அந்த ஆண்டு நவம்பரிலேயே அமேசான் அந்த விசாரணைக்கு இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தது. ரூட் டேபிளில் எல்லாம் சரியாக இருந்து என்ன பயன் என்று அன்று எத்தனையோ பேர் தலையில் கைவைத்திருப்பார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு, கிளவுடோடு சம்பந்தமில்லாதது, ஆனால் என் உறுத்தலுக்கு இன்னும் நெருக்கமானது. 2019 அக்டோபர் 29 அன்று கூடங்குளம் அணுமின் நிலையம் ஓர் அறிக்கை கொடுத்தது: எங்கள் கட்டுப்பாட்டு அமைப்பு வெளி நெட்வொர்க்கோடு இணைக்கப்படாமல் தனித்து நிற்பது, அதைச் சைபர் தாக்குதலுக்கு உள்ளாக்க முடியாது. மறுநாள், நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் இன்னோர் அறிக்கை கொடுத்தது: எங்கள் அமைப்பில் மால்வேர் இருந்தது உண்மை, செப்டம்பர் 4-ஆம் தேதியே மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எங்களுக்குத் தெரிவித்தது, பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டர், அது முக்கிய உள் நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கப்பட்டது. இரண்டு அறிக்கையும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்று வாதிடலாம். இரண்டு நெட்வொர்க் வைத்திருந்தார்கள், ஒன்றில் நோய் வந்தது, மற்றதற்குப் பரவவில்லை. பிரித்து வைத்ததன் நோக்கமே அதுதானே என்று கேட்டால் எனக்கும் உடனே பதில் வராது. ஆனால் ‘பிரிக்கப்பட்டது’ என்ற அந்தச் செய்தியை நிலையத்துக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரையில் இருப்பவர் எப்படிச் சரிபார்ப்பார்? நிலையத்தின் காங்கிரீட் சுவரை அவர் கடற்கரையிலிருந்து பார்க்கலாம். இந்தச் சுவரைப் பார்க்க முடியாது, அறிக்கையாகத்தான் படிக்க முடியும். ஆடிட்டரின் நிலைமையும் அதேதான், அளவுதான் வேறு. தனி நெட்வொர்க் எல்லாமே ஒருவர் சொல்ல இன்னொருவர் நம்ப வேண்டிய விஷயமாகிவிட்டது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2001-ஐ ஒட்டி மேலூர்ப் பக்கக் கிராமங்களில் ஐ.ஐ.டி. மெட்ராஸ்காரர்கள் கார்டெக்ட் என்ற வயர்லெஸ் முறையில் இணைய மையங்களை இணைத்தார்கள், சாரி திட்டம் என்று அதற்குப் பெயர். நெட்வொர்க் என்றால் ஊரில் நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற ஒரு கோபுரம், கடைக்கூரைமேல் ஒரு சிறு பெட்டி. சில ஆண்டுகள் கழித்து அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, தேனி மருத்துவமனையையும் சுற்றுப்புற ஊர்களின் கண் பரிசோதனை மையங்களையும் நெடுந்தூர வைஃபையால் இணைத்தது. கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவியின் கண்ணைத் தேனியிலிருக்கும் டாக்டர் திரையில் பார்த்தார். வயலுக்கு மேலாக ஆன்டெனாவுக்கு எதிரே ஆன்டெனா. இணைப்பு அறுந்தால் கோபுரத்தில் ஏறித் திருப்ப வேண்டும். அந்தப் படம் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதாலேயே அதைச் சந்தேகிக்கிறேன். இடி விழுந்தால் போயிற்று, மின்னழுத்தம் எகிறினால் ரவுட்டர் கருகிப் போகும். அந்த ஆய்வாளர்கள் ரேடியோவைவிட நம் மின்சாரத்தோடுதான் அதிகம் மல்லுக்கட்டினார்கள். நோயாளிக்கு வேண்டியது மாலைக்குள் மருந்துச் சீட்டு, கோபுரத்தின் அழகு இல்லை. மேசைக்கடியில் கறுப்புப் பெட்டி வைத்திருந்த காலத்துக்குத் திரும்பிப் போ என்றால் நான் போக மாட்டேன். ஆடிட்டரும் போக மாட்டார். வைகையில் வெள்ளம் என்று செய்தி வந்தாலே பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தவர் அவர்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதைப் பேசுவது அரைகுறை. பாடப்புத்தகம் சொல்வது இது: கணக்கு இருக்கும் சர்வரைத் தனி சப்நெட்டில் வை. அது அப்டேட் இறக்கிக்கொள்ள வெளியே போக வேண்டுமென்றால் நாட் கேட்வே ஒன்றை நடுவில் போடு. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் தானாக உள்ளே வர முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நாட் கேட்வேக்கு மணிக்கணக்கில் வாடகை, அதன் வழியே போகும் ஒவ்வொரு ஜி.பி.க்கும் தனிக் கட்டணம். ஒரு பாக்கெட்கூடப் போகாமல் சும்மா நின்றாலும் மாதத்துக்கு மூவாயிரம் ரூபாய்க்கு மேல் வந்துவிடும். டேலி ஓடுகிற சின்ன சர்வரின் வாடகையே சில இடங்களில் அவ்வளவு இராது. வீட்டு வாடகையைவிட வாசல் வாடகை அதிகம் என்றால் சிம்மக்கல் வியாபாரி என்ன செய்வார்? செய்வதைத்தான் செய்கிறார்: சர்வரைத் தூக்கிப் பொது சப்நெட்டில் வைத்து, நேராக ஒரு பொது முகவரியைக் கொடுத்துவிடுகிறார். அந்த முகவரிக்கும் 2024 பிப்ரவரியிலிருந்து அமேசான் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது, இருந்தாலும் மலிவு. சாமர்த்தியசாலிகள் நாட் கேட்வேக்குப் பதிலாகச் சின்ன சர்வர் ஒன்றையே அந்த வேலைக்கு வைத்துச் சமாளிக்கிறார்கள். அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். தனிமைக்கு இப்படி ஒரு கட்டண விகிதம் இருக்கிறது. பெரிய கம்பெனிக்கு அது பில்லில் தெரியாத வரி. சின்னக் கடைக்கு அதுதான் முதலில் வெட்டப்படும் செலவு. பாதுகாப்புக் கருத்தரங்குகளில் இதை ஒருவரும் மேடையில் சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

பொது சப்நெட்டில் வைத்தபின் மிச்சமிருக்கும் முக்கியக் காவல் செக்யூரிட்டி குரூப்தான். யார் எந்தப் போர்ட் வழியாக உள்ளே வரலாம் என்ற பட்டியல் அது. முதலில் எல்லாரும் யோக்கியமாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். அலுவலகத்தின் பிராட்பேண்டு முகவரியை மட்டும் எழுதி 3389-ஐத் திறப்பார்கள். விண்டோஸ் சர்வருக்குள் தூரத்திலிருந்து உட்காரும் போர்ட் அது. இரண்டு நாளில் பிராட்பேண்டின் முகவரி மாறிவிடும், உள்ளே போக முடியாது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அக்கவுண்டன்ட் போன் போடுவார்: “அண்ணே, கனெக்ட் ஆகமாட்டேங்குதுண்ணே, நாளைக்கு லாஸ்ட் டேட்டு.” ‘சரி, இப்போதைக்கு’ என்று 0.0.0.0/0 எழுதப்படும். உலகத்தில் யாரும் எங்கிருந்தும் கதவைத் தட்டலாம் என்று அதற்கு அர்த்தம். தட்டுகிறார்கள். இரவு பகலாக முகவரி முகவரியாக 3389-ஐத் தட்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நிரல்கள் இருக்கின்றன. அவற்றுக்குச் சிம்மக்கல்லும் ஒன்றுதான் சிகாகோவும் ஒன்றுதான். கதவைத் திறந்து வைத்ததற்காக யாரும் போன் போட மாட்டார்கள், எல்லாம் வேலை செய்கிறதே. மூடினால்தான் போன் வரும். தற்காலிகம் என்று எழுதிய விதி நிரந்தரமாகிப் போவதில் எந்தச் சதியும் கிடையாது, இந்த ஒருபக்கச் சாய்வுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் இந்த இடத்துக்கு வந்திருக்கிறது, தன் பாணியில். 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, சைபர் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும் என்கிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்கிறது. ஆடிட்டரின் கணக்குப் பெட்டியில் எத்தனையோ பேருடைய பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வருமானமும் கிடக்கின்றன. அந்த நியாயம் அவரையும் கேட்கும். அறிந்த 6 மணி நேரத்தில் என்றால், முதலில் அறிய வேண்டுமே. வி.பி.சி.யில் யார் வந்தார், யார் போனார், யார் திருப்பி அனுப்பப்பட்டார் என்று எழுதி வைக்கும் வசதி ஒன்று இருக்கிறது, ஃப்ளோ லாக். அது தானாக ஓடுவதில்லை. நாம் போய் இயக்கிவிட வேண்டும், சேமிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். இயக்காவிட்டால் அந்தக் கோட்டைக்குள் ஆயிரம் பேர் வந்து போயிருந்தாலும் பாக்கெட்டின் காலடிகூட மிஞ்சாது. பழைய அறையிலாவது காலையில் ஷட்டர் பூட்டு உடைந்து கிடக்கும்.

இவ்வளவு சுற்றிய பிறகு என் உறுத்தல் இடம் மாறியிருக்கிறது. பத்தில் தொடங்கும் முகவரி எல்லாரிடமும் இருப்பது பற்றி எனக்கு இப்போது பயமில்லை. மேப்பிங் பதிவேட்டை வைத்திருப்பவர்கள் அதை நம்மில் யாரும் பராமரிப்பதைவிட நன்றாகவே பராமரிக்கிறார்கள். அந்தச் சுவர்மேல் இருக்கும் சந்தேகம் சுவரைத் தொட முடியவில்லையே என்கிற பழைய மனிதனின் சந்தேகம், அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன். ஆனால் வாசல்களை எழுதுவது நாம். மும்பையிலிருக்கும் யாரும் 0.0.0.0/0 என்று நமக்காக எழுதவில்லை. சிம்மக்கல்லிலோ மாட்டுத்தாவணியிலோ உட்கார்ந்து, நாளை கடைசித் தேதி என்ற அவசரத்தில், நம் ஆள் எழுதியது அது. அந்தப் பட்டியலைக் கணக்குக்குச் சொந்தக்காரர் ஒருமுறைகூடப் பார்த்திருப்பதில்லை. பார்க்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. வாடகைக்கு விட்டவர் வீட்டைக் காட்டாமல் போகலாம், வாசல் பட்டியலைத் திரையில் காட்ட இரண்டு நிமிடம் போதும்.

ஆகவே கிளவுடில் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரரோ ஆடிட்டரோ டாக்டரோ இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு அதைப் பார்த்துக்கொள்ளும் தம்பியை இன்று கூப்பிட்டு, இன்பவுண்டு ரூல்ஸ் என்ற பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதில் 3389 என்ற எண்ணுக்கு எதிரே 0.0.0.0/0 என்று இருந்தால் யார் எப்போது எதற்காக எழுதியது என்று கேளுங்கள். பதில் என்னவாக இருந்தாலும், சாயந்திரம் கடை சாத்துவதற்குள் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். அப்படியே ஃப்ளோ லாக் ஓடுகிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.